கைமாத்துத் தண்ணீர்

புதிதாக வால்வ் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு,

என்னை உங்கள் முன்னால் நிற்கவைத்துப் பேசச் சொன்னார்கள். நாலு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் ஓரமாக உட்காருகிற ஆள் நான். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

தோள்பட்டை தேய்ந்துபோனதால் வயது வருவதற்கு முன்பே வேலையை விட்டேன். அதுவரை காக்ஸ் டவுனுக்கும் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கும் தண்ணீர் திறந்து மூடியதுதான் நான் செய்த ஒரே வேலை. எந்தத் தெருவுக்கு எந்த வால்வ், எத்தனை சுத்து என்பதையெல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருக்கிறது. நாம் தெருத் தெருவாகக் குழாய் என்று பேசுகிறோம். ஆனால் இந்த ஊருக்கு அடியில் படுத்திருப்பது ஒரே தண்ணீர். ஒரு மூலையில் அதைத் தொட்டால் இன்னொரு மூலையில் அது புரண்டு படுக்கும். வேலைக்கு வந்து ரொம்ப காலம் எனக்கே இது தெரியாது. தெரியவைத்தது ஒரு டீக்கடை.

காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் மணி என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார், வாணியம்பாடிக்காரர். கை கழுவும் குழாய்க்கு மேலே சுவரில் ஒரு தகரத் தட்டு, அதில் வரிசையாக டீ கிளாஸ்கள். ஒருநாள் நான் போனபோது மணி என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

“அண்ணே, கடையில பேய் பூந்துடுச்சு. தெனமும் வருது. செவுத்துல ‘டக்’குனு ஒரு தட்டு, கிளாஸெல்லாம் ஆடுது, அப்புறம் போயிடுது. டீகூட கேக்க மாட்டேங்குது.”

“டீ கேக்காத பேய்னா அது ஏற்கெனவே உன் டீய குடிச்சுப் பார்த்த பேயா இருக்கும்” என்றார் பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே சுவருக்குள் ‘டக்’ என்றது. யாரும் தொடவில்லை. குழாய் ஒரு துள்ளு துள்ளியது. கிளாஸ்கள் ஒன்றோடு ஒன்று மோதிக் கிணுகிணுத்து அடங்கின.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் செக்‌ஷனுக்கு ஒரு இன்ஜினியர் மேடம் புதிதாக வந்திருந்தார். கோலார் தங்கவயல் பக்கத்துத் தமிழ்ப் பெண், என் மகள் வயது. பெயரைப் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், போடவில்லை. நான் பேயைப் பற்றிச் சொன்னதும் சிரிக்காமல் கிளம்பி வந்தார். கடையில் உட்கார்ந்து, குழாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வைத்தியர் நாடி பார்ப்பதுபோலக் காத்திருந்தார். அடுத்த தட்டு வந்தது.

“அண்ணா, கைய வைங்க. ரெண்டு தரம் வருது பாருங்க. முதல்ல பெருசா ஒண்ணு. அது இங்க தட்டிட்டு மேல போகுது. போய் எங்கயோ முட்டிட்டுத் திரும்பி வருது பாருங்க, அதான் ரெண்டாவது, சின்னது.”

இத்தனை வருடம் அந்தக் குழாய்களோடு இருந்தும் இரண்டாவதை நான் கவனித்ததே இல்லை. கையை வைத்தேன். இருந்தது. போனது திரும்பி வந்தது.

தெருத் தெருவாக வீட்டுக் குழாய்களில் கையை வைத்துக்கொண்டே நடந்தோம். தட்டு பலமாகும் பக்கமெல்லாம் போனோம். கடைசியில் மூன்று தெரு தள்ளி ஒரு புது அபார்ட்மெண்டில் போய் நின்றது. அவர்கள் தரைக்கு அடியில் இருக்கும் சம்ப் தொட்டிக்கு ஒரு தானியங்கி வால்வ் மாட்டியிருந்தார்கள். தொட்டி நிரம்பியதும் அது கண் இமைக்கும் நேரத்தில் மூடிக்கொள்ளும். மொத்தக் கனத்தோடு ஓடிவரும் தண்ணீரின் முகத்தில் கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? அந்தக் கனம் அப்படியே திரும்பி ஓர் உதை விடுகிறது. அந்த அபார்ட்மெண்டின் தண்ணீரில் ஒரு சொட்டுகூட மணியின் கடைக்குப் போகவில்லை. உதை மட்டும் போயிருக்கிறது. நின்ற இடத்தில் நின்றபடியே ஒரு தண்ணீர் அடுத்த தண்ணீரை இடிக்க, அது அடுத்ததை இடிக்க, நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்று தெரு தாண்டிவிடுகிறது.

மெதுவாக மூடும் வால்வை மாட்டச் சொன்னார் மேடம். பேய் போய்விட்டது. மணிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதைப் பார்க்கவே நாலு பேர் டீ குடிக்க வந்துகொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து நாங்கள் அதை ‘உதை’ என்றே சொல்ல ஆரம்பித்தோம்.

இனி ஆரோக்கியத்தின் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் கைமாத்து பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்களில் சிலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும், வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

இரண்டு ஆட்களின் ஏரியா சேரும் இடத்தில் ஓர் எல்லை வால்வ் இருக்கும். ஆபீஸ் வரைபடத்தில் அது எப்போதும் மூடியே இருக்கும். என் ஏரியாவில் ஒரு சாவு வீடோ கல்யாண வீடோ வந்து, அன்றைக்கென்று தண்ணீர் முறை இல்லையென்றால், நான் பக்கத்து ஏரியா ஆளைக் கூப்பிடுவேன். அவர் எல்லை வால்வை இரண்டு சுத்து திறந்துவிடுவார். இன்னொரு நாள் அவருக்கு நான் திறப்பேன். சட்டப்படி தப்பு. ஆனால் இதில் யாரும் ஒரு பைசா வாங்கியதில்லை. எங்களுக்குள் அதற்குப் பெயர் கைமாத்து.

எனக்குக் கைமாத்து கொடுப்பவர் நாகராஜ். ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் அவர் ஏரியா. கன்னடக்காரர், தமிழைக் கன்னடம் போலவே பேசுவார், யாரையும் ‘குரு’ என்றுதான் கூப்பிடுவார். யாராவது தண்ணீர் இல்லை என்று சொன்னால் அவருக்குத் தாங்காது.

ஆரோக்கியம் குழாய் பொருத்தும் பிட்டர். காக்ஸ் டவுனிலேயே பிறந்தவன், என்னோடு அதே ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் பாடுவான். மற்ற நாளெல்லாம் குழிக்குள் இறங்கிப் பாடுவான்.

ஒருநாள் ரிச்சர்ட்ஸ் டவுனில் மெயின் லைனில் ஒரு குழாய் வெடித்திருந்தது. உடைந்த துண்டை எடுத்துவிட்டுப் புதுத் துண்டை வைக்க வேண்டும். ஆள் உயரத்தைவிட ஆழமான குழி. மேலே மூன்று கால் இரும்பு முக்காலி நட்டு, செயின் பிளாக்கில் புதுக் குழாயைத் தொங்கவிட்டு இறக்கினார்கள். உள்ளே ஆரோக்கியம் அதன் முனையைப் பிடித்துச் சேர்க்க வேண்டும். குழிக்குத் தண்ணீர் வரும் பக்கத்து மேல் வால்வை நான் முதலிலேயே மூடிவிட்டேன். காக்ஸ் டவுனுக்குத் தண்ணீர் போகும் பக்கம், கோயில் மதில் முனையில் இருக்கும் கீழ் வால்வைத் திறந்தே விட்டிருந்தோம். காக்ஸ் டவுன் பக்கம் குழாயில் மிச்சம் இருக்கும் தண்ணீர் வடிந்து வரட்டும், குழியில் இருக்கும் மோட்டார் அதை வெளியே தள்ளிவிடும் என்று கணக்கு. எப்போதும் செய்வதுதான். கீழே இருந்து புதுத் தண்ணீர் வர வழியே இல்லை. வரைபடத்தில் இல்லை.

காக்ஸ் டவுனில் ஒரு வீட்டில் மறுநாள் கல்யாணம். சமையல் ஆட்கள் பாத்திரத்தோடு வந்து இறங்கியிருக்கிறார்கள், குழாயில் தண்ணீர் இல்லை. எனக்குப் போன் போட்டிருக்கிறார்கள். வால்வைத் திருப்பும் நீளக் கம்பிதான் எங்கள் சாவி, அதில் கை இருக்கும்போது நான் போன் எடுப்பதில்லை. பெண்ணின் அப்பாவுக்கு நாகராஜைத் தெரியும். அவரைக் கூப்பிட்டார். மெயின் லைனில் வேலை என்று மேடம் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தது உண்மை. ஆனால் அது ரிச்சர்ட்ஸ் டவுன் வேலை, நாம் கொடுப்பது காக்ஸ் டவுனுக்கு என்று நாகராஜ் நினைத்துக்கொண்டார். இரண்டு சுத்து திறந்தார்.

அந்தத் தண்ணீர் காக்ஸ் டவுனின் காலிக் குழாய்களில் எல்லாம் புகுந்து, திறந்து கிடந்த கீழ் வால்வ் வழியாகப் பின்பக்கமாக ஓடி, குழிக்கு வர ஆரம்பித்தது. முதலில் சின்னதாகத்தான் வந்தது. வடிகிற மிச்சம் என்று நாங்கள் நினைத்தோம். இந்தப் பக்கம் ஒழுகிப் போவதால் கல்யாண வீட்டில் குழாய் சொட்டுத்தான் போட்டது. பெண்ணின் அப்பா மறுபடியும் கூப்பிட்டார்: “இன்னும் வரலீங்களே.” நாகராஜ் இன்னும் இரண்டு சுத்து திறந்தார். அது எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. அப்போதும் போதவில்லை. அவர் இன்னும் திறந்தார். யாரோ ஒருவருக்கு நல்லது செய்யச் செய்ய, ஒரு தெருவுக்கு அப்பால் ஒருவன் தலைக்கு அது ஏறிக்கொண்டே வந்தது.

நான் கீழ் வால்வ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சாவி வால்வின் தலையில் மாட்டியே இருந்தது, அதில் சும்மா கையை ஊன்றியிருந்தேன். கம்பி அதிர்ந்தது. தூங்கும் மாட்டின் விலாவில் கை வைத்திருக்கும்போது அது திடீரென்று சிலிர்த்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. இங்கே ஓடக்கூடாத தண்ணீர் ஓடுகிறது என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் குழியிலிருந்து சத்தம் வந்தது.

தண்ணீர் திடுமெனப் பாய்ந்ததில் தொங்கிக்கொண்டிருந்த குழாய் ஆடி, ஆரோக்கியத்தின் காலைக் குழிச் சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டது. மேலே இருந்தவர்கள் செயினை இழுத்தார்கள். ஈர மண்ணில் முக்காலியின் ஒரு கால் இறங்கிவிட்டது, குழாய் எழும்பவில்லை. தண்ணீர் நின்றால்தான் முக்காலியை நிமிர்த்தலாம். மோட்டார் வெளியேற்றுவதைவிட வேகமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. குழிச் சுவரில் மண் கட்டி கட்டியாக நனைந்து விழ ஆரம்பித்தது. சுவர் மொத்தமாகச் சரிந்தால் ஆரோக்கியம் அதோடு முடிந்தான்.

நான் கீழ் வால்வை மூட ஆரம்பித்தேன்.

தம்பிகளே, இந்த வால்வுக்குள் இருப்பது மேலிருந்து இறங்கும் ஓர் இரும்புப் பலகை. பாதி இறக்கினாலும் தண்ணீர் பெரிதாகக் குறையாது, இடுக்கு வழியாக இன்னும் வேகமாகப் பாயும். உண்மையில் மூடுவது கடைசிச் சில சுத்துகள்தான். உதை பிறப்பதும் அங்கேதான். எனக்குப் பின்னால், மதில் ஓரமாகக் காக்ஸ் டவுனுக்குள் போவது வெள்ளைக்காரன் காலத்து இரும்புக் குழாய், ஈயம் காய்ச்சி ஊற்றிய இணைப்புகள். கடைசிச் சுத்துகளை வேகமாகப் போட்டால் உதை அந்த இணைப்பில்தான் விழும். அது பிய்த்துக்கொண்டால் தண்ணீர் ரோட்டு மேலேயே வரும். ரோடு குழியைப் பார்த்துத்தான் சரிந்திருக்கிறது. அப்புறம் மூடுவதற்கு வால்வே இருக்காது.

முதல் சுத்துகளை ஓடி ஓடிப் போட்டேன். கூட்டம் கூடிவிட்டது. சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. விடைத்தாள் கட்டோடு ஸ்கூட்டியில் வந்து நின்ற ஒரு டீச்சரம்மா, கேட்காமலேயே என் பையிலிருந்து போனை எடுத்து, என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். மேடம்தான்.

“அண்ணா, எல்லை வால்வ நாகராஜ் தொறந்திருக்காரு. குழியில தண்ணின்னு யாரோ குரூப்ல வாய்ஸ் போட்டாங்க, அதக் கேட்டுட்டு அவரே கூப்பிட்டாரு. ‘ஏன் மாட்லி மேடம், ஏன் மாட்லி’ன்னு, என்ன செய்யறதுன்னு தெரியாம அழுவறாரு. சாவியப் போட்டுட்டு நிக்கறாரு, ஒரே மூச்சுல மூடிடறேங்கறாரு.”

அதிகாரிகளிடம் நான் சரி, இல்லை என்று நேராகச் சொன்னதே கிடையாது. பார்க்கலாம் மேடம் என்பேன்.

“தொடாதீங்கன்னு சொல்லிருக்கேண்ணா” என்றார் மேடம். “நீங்க பாதி மூடியிருப்பீங்க. அவரு அந்தப் பக்கம் டமார்னு சாத்தினா, ரெண்டு உதையும் நடுவுல அந்தப் பழைய குழாயிலதான் வந்து முட்டும். நான் சொன்னது சரிதானே? சொல்லுங்கண்ணா. உங்க கைதான் அங்க இருக்கு.”

“சரி மேடம். யாரும் தொட வேணாம். ஒருத்தன் போதும்.”

நான் அதுவரை யாருக்கும் அவ்வளவு உரக்கப் பதில் சொன்னதில்லை. டீச்சரம்மாவே ஒரு நொடி என்னைப் பார்த்தார்.

அப்புறம்தான் தெரிந்தது, நாகராஜ் மட்டும் இல்லை. குரூப்பில் அந்த வாய்ஸைக் கேட்டுவிட்டு ஒவ்வொருவரும் அவரவர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ‘நான் மூடறேன்’, ‘நானும் மூடறேன்’, ‘அந்தோணி இங்க ரெடி’. குழாயில் உதை போகிற வேகத்துக்குச் சேதி போனது. எல்லோருக்கும் ஆரோக்கியம் வேண்டியவன். எல்லோரும் ஒரே நேரத்தில் காப்பாற்றியிருந்தால் அவன் செத்திருப்பான். மேடம் குரூப்பில் ஒரே ஒரு வாய்ஸ் போட்டார். பிறகு நானும் கேட்டேன். குரல் கொஞ்சம்கூட உயரவில்லை: “எல்லாரும் சாவியக் கீழ வைங்க. வச்சிட்டு, வச்சாச்சுன்னு எனக்குச் சொல்லுங்க.” ஒவ்வொருவராக ‘வச்சாச்சு’ என்று சொல்லியிருக்கிறார்கள். இதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று நம் தொழிலில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நண்பன் குழியில் இருக்கும்போது சும்மா நிற்பது.

கடைசிச் சுத்துகள் வந்தன. கையை மெதுவாக்கினேன்.

கூட்டத்துக்கு அது பொறுக்கவில்லை. “யோவ், என்னய்யா தூங்கறே? சுத்துய்யா!” “கையில பலம் இல்லன்னா வுடுய்யா, நாங்க சுத்தறோம்!” இரண்டு இளைஞர்கள் சாவியைப் பிடிக்கவே வந்துவிட்டார்கள். டீச்சரம்மா ஒரு கையில் என் போனைப் பிடித்தபடியே திரும்பினார். “யாராவது கிட்ட வந்தீங்க, பாரு! அவருக்குத் தெரியும். வாய மூடிட்டு நில்லுங்க!” அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. எந்தப் பள்ளிக்கூடமோ, அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

குழியிலிருந்து ஆரோக்கியத்தின் குரல் கேட்டது. “டேய், எவ்ளோ நேரம்டா? எனக்கு ஞானஸ்நானம் ஏற்கெனவே ஆயிடுச்சுடா!”

அவன் பேசிக்கொண்டிருந்தவரை எனக்குத் தைரியம் இருந்தது. அதற்கப்புறம் அவன் பேசவில்லை. மார்பளவு வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். என் காலும் கையும் ஓடு ஓடு என்றன. நான் குனிந்து கம்பியை மட்டும் பார்த்தேன். கூச்சக்காரனுக்கு அது பழக்கம்தான், ஆட்கள் முகத்தைப் பார்க்காமல் வேலையைப் பார்ப்பது.

கால் சுத்து போட்டேன். நின்றேன். உள்ளங்கையில் ஒரு சின்ன உதை கிளம்பிப் போவது தெரிந்தது. மதில் ஓரமாக, மார்க்கெட் பின்னால், கல்யாண வீட்டுக்குக் கீழே, ரயில் லைனைத் தாண்டி அது போகிறது. நாகராஜ் சாவியைக் கீழே வைத்துவிட்டு நிற்கும் இடம் வரை போய், அங்கிருந்து திரும்பி வருகிறது. மூச்சு விடும் நேரம்தான். திரும்பி வந்து, முதுகில் தட்டுவதுபோல என் கையில் தட்டியது. மேடம் டீக்கடையில் காட்டிக்கொடுத்த அதே இரண்டாவது தட்டு. அது வந்து அடங்கிய பிறகு அடுத்த கால் சுத்து போட்டேன். மறுபடியும் போயிற்று. மறுபடியும் வந்தது.

எனக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? ஆரோக்கியம் அங்கே குழியில் இருக்கிறான், நான் இங்கே வாய் பிளந்து நின்றேன். என் ஒரு கை அசைவு இத்தனை வீடுகளுக்கு அடியில் நடந்து போய்த் திரும்பி வந்து, அங்கே எல்லாம் சரி என்று என்னிடம் சொல்கிறது. வாழ்நாள் முழுக்க நான் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. இந்தத் தண்ணீர் மட்டும் என்னோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறது, நான்தான் காது கொடுக்கவில்லை.

ஒவ்வொரு தரமும் திரும்பி வரும் தட்டு கொஞ்சம் பலமாக வந்தது. ஒரு தரம் ரொம்பப் பலமாக வந்தது. அப்போது சாவியைத் திருப்பாமல் கையை மட்டும் வைத்துக் காத்திருந்தேன். கூட்டத்தில் யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே செபம் சொல்ல ஆரம்பித்தாள். அடங்கட்டும், அடங்கட்டும் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அடங்கியது. கடைசிக் கால் சுத்தைப் போட்டேன். பலகை போய் உட்கார்ந்தது. கம்பி அசையாமல் நின்றது.

காதில் மேடத்தின் குரல்: “அண்ணா, மூடிட்டீங்களா? நான் ஆபீஸ் ஸ்க்ரீன்ல நாகராஜ் வால்வ் பக்கத்து பிரஷர் மீட்டரத்தான் பாத்துட்டிருக்கேன். முள்ளு இப்பதான் லேசா ஆடிச்சு.”

நான் இன்னும் சாவியிலிருந்து கையைக்கூட எடுக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. மோட்டார் தண்ணீரை வாங்கியது. பலகைகளைப் போட்டு முக்காலியை நிமிர்த்தினார்கள். செயின் ஏறியது. ஆரோக்கியத்தைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். மேலே வந்ததும் அவன் முதலில் கேட்டது, “எவன்டா அந்த வால்வ தாலாட்டினது?” அவன் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் குழிச் சுவர் ஒரு பக்கம் சரிந்து, அவன் நின்ற இடத்தை மூடியது.

கால் எலும்பு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மறுநாள் நாகராஜ் இளநீரோடு வந்து, கதவுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரவே மாட்டேன் என்றார். நான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

“ஆரோக்கியம், நான்தான் குரு தெறந்தேன். கல்யாண மனை, பாவம்னு...” இளநீரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

ஆரோக்கியம் அவரை மேலும் கீழும் பார்த்தான். “கைமாத்து குடுத்த தண்ணிய வாங்கிட்டுப் போக வந்தியா? பாதி என் வயித்துலதான் இருக்கு. மீதிய மோட்டார்கிட்ட கேளு.”

நாகராஜ் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் இளநீரை அவன் மடியில் வைத்தார். “நீயே வெட்டிக் குடு, நான் எப்படி வெட்டறது” என்றான் ஆரோக்கியம்.

அன்று சாயந்திரம் மேடம் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்தார். கைமாத்து பற்றி அவருக்கு அதுவரை தெரியாது. எனக்குத் தெரிந்தவரை நான் சொன்னேன். சொல்லும்போது இந்தப் பழக்கத்துக்கு இத்தோடு முடிவு, நாகராஜ் வேலைக்கும் முடிவு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் வரைபடத்தில் எல்லை வால்வுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். “நீங்க குடுக்கறத நான் நிறுத்தச் சொன்னா, எனக்குத் தெரியாம குடுப்பீங்க” என்றார். “அதுதானே நேத்து நடந்துது. இனிமே சொல்லிட்டுக் குடுங்க. தொறக்கறதுக்கு முன்னாடி குரூப்ல கேளுங்க, உள்ள யாராவது இருக்காங்களான்னு. எல்லாரும் இல்லன்னு சொன்ன பிறகு தொறங்க.” நாகராஜ் ஏரியா மாறவில்லை. ஆபீஸில் அவருக்காக மேடம் என்ன பேசினார் என்பது எங்களுக்குத் தெரியாது.

நீங்கள் இப்போது குரூப்பில் தினமும் ‘உள்ள யாராவது?’ என்று பார்க்கிறீர்களே, அது அன்றைக்கு வந்தது. சில பேர் அதைக் கிண்டல் செய்வதாகக் கேள்விப்பட்டேன். செய்யுங்கள். ஆனால் பதில் வருவதற்கு முன்னால் சாவியை அசைக்காதீர்கள். அவசரம் வரும், கூட்டம் திட்டும். நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசை எல்லாவற்றையும்விட அதிகமாகக் கையைத் தள்ளும். அப்போது ஒருவர் மட்டும் செய்யட்டும், மற்றவர்கள் சாவியைக் கீழே வைத்துவிட்டு ‘வச்சாச்சு’ என்று சொல்லுங்கள். அதுவும் வேலைதான்.

நாகராஜ் இளநீரோடு வந்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் மணியின் கடையில் நின்றேன். மணி டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“அண்ணே, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. நேத்து மதியம் பேய் திரும்ப வந்துது. ஆனா இது வேற மாதிரி. தட்டல. கிளாஸெல்லாம் லேசா சிலுத்துக்குது, அடங்குது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் சிலுத்துக்குது. ஒரு கிளாஸ்கூட ஒடையல. என்னமோ யாரோ மெதுவா கதவத் தட்டிட்டு நிக்கற மாதிரி இருந்துது. யாருண்ணே அது?”

நான் தட்டிலிருந்த கிளாஸ்களைப் பார்த்தேன். வரிசையாக, அசையாமல் இருந்தன.

“ஆரோக்கியம்” என்றேன். “வெளிய வந்துட்டான்.”